அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயாராகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏழு மாதிரித் தேர்வு எழுதிவிட்டேன். மதிப்பெண் 1250-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இன்னும் எத்தனை எழுத வேண்டும்?

இப்போதைக்கு ஒன்றுகூட வேண்டாம். ஏழு தேர்வு எழுதிய கணக்கைச் சொன்னீர்கள். அவற்றில் தவறாகப் போன கேள்விகளை என்ன செய்தீர்கள் என்று சொல்லவில்லையே! எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏழு முறை ஏறி நின்றால் எடை குறையாது.

ஒரு நோட்டு போடுங்கள். தவறான ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி: பாடம் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா, நேரம் இல்லாமல் எதையோ அழுத்தினீர்களா? ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கே கவனம் குறைந்தது என்று எழுதுங்கள். 2x + 6 = 20 என்று கொடுத்து x + 3 எவ்வளவு என்று கேட்பார்கள். x = 7 என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் 7-ஐத் தேர்வு செய்வோம்; விடை 10. இப்படி நான்கு கேள்வி போயிருந்தால் உங்களுக்கு அல்ஜீப்ரா வகுப்பு தேவையில்லை. கடைசி வரியை முதலில் படிக்கும் பழக்கம்தான் தேவை.

நான்கு நாள் கழித்து, விளக்கத்தைப் பார்க்காமல் அதே கேள்விகளை மறுபடி போடுங்கள். திரும்பவும் தவறினால் அந்தப் பாடத்தை அடியிலிருந்து படிக்க வேண்டும். அப்புறம் எட்டாவது தேர்வுக்குப் போகலாம். தேர்வு நடக்கும் ப்ளூபுக் செயலியில் இருக்கும் முழுத் தேர்வுகள் கொஞ்சம்தான், வீணாக்க வேண்டாம்.

கணிதத்தில் இரண்டாவது மாட்யூல் (தனி நேரம் கொண்ட பகுதி) மிகக் கடினமாக இருந்தது என்று மகள் அழுதுகொண்டு வந்தாள். மதிப்பெண் போய்விட்டதா?

பெரும்பாலும் நல்ல செய்திதான், அப்பா. ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் இரண்டிரண்டு மாட்யூல். முதல் மாட்யூலில் நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் கடினமான இரண்டாவது மாட்யூல் வரும். எளிதானது வந்தால் உச்ச மதிப்பெண்ணை எட்ட வழி இருக்காது. அதனால் முதல் மாட்யூலில் அவசரம் கூடாது, ஒரே கேள்வியில் உட்கார்ந்துவிடவும் கூடாது. ஆங்கிலத்தில் 32 நிமிடத்துக்கு 27 கேள்வி, கணிதத்தில் 35 நிமிடத்துக்கு 22. முட்டிக்கொண்டால் குறியிட்டு நகர்ந்துவிட்டு, நேரம் முடிவதற்குள் திரும்பி வரலாம். மாட்யூல் முடிந்துவிட்டால் திரும்ப முடியாது. இன்னொன்று: ஒவ்வொரு மாட்யூலிலும் இரண்டு கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது. அவை சோதனைக்காக வைப்பவை. எவை என்று சொல்ல மாட்டார்கள். அவளை அழ வைத்த கேள்வி அதுவாகவும் இருக்கலாம்.

தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா?

கூடாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் முறை 2016-லேயே போய்விட்டது. நீட் தேர்வுக்குப் படித்த கை தயங்கும், பரவாயில்லை, எதையாவது குறித்துவிடுங்கள்.

அண்ணன் வைத்திருந்த மூவாயிரம் சொல் பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். சரிதானா?

அண்ணன் எழுதியது வேறு தேர்வு. அரிய சொற்களைத் தனியாகக் கேட்கும் வழக்கம் போய்விட்டது. இப்போது 25 முதல் 150 சொற்களுக்குள் ஒரு சிறு பத்தி, அதற்கு ஒரே கேள்வி. கோடிட்ட இடம் வந்தால் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு உங்கள் சொல்லைப் போட்டுப் பாருங்கள், பிறகு அதற்கு நெருங்கியதைத் தேடுங்கள். பட்டியலைவிட, தினமும் அறிவியலோ வரலாறோ இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் வாசிப்பது மேல்.

டெஸ்மோஸ் கால்குலேட்டர் இருக்கும்போது கையால் ஏன் போட வேண்டும்?

கோடும் பரவளையமும் எங்கே வெட்டுகின்றன என்பதற்கு டெஸ்மோஸ். 3x = 21-க்கும் அதைத் திறந்தால் நேரம்தான் போகும்.

தேர்வுக்கு முந்தைய நாள் என்ன படிப்பது?

எதுவும் வேண்டாம். லேப்டாப்பையோ டேப்லெட்டையோ முழுதாக சார்ஜ் செய்யுங்கள், போனில் இந்தத் தேர்வை எழுத முடியாது. ப்ளூபுக்கில் முன்தயாரிப்பை முடித்து நுழைவுச்சீட்டு எடுத்தாயிற்றா என்று பாருங்கள். அதைச் சில நாள் முன்பே செய்திருந்தால் இன்னும் நல்லது. இடைவேளை பத்து நிமிடம்தான், கொறிக்க ஏதாவது பையில் இருக்கட்டும்.