முகக்கவசத்தைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

செவிலியர் படிப்பில் மகளுக்கு இடம் கிடைத்தும் கட்டணத்தைக் கட்ட மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு கொரோனா வந்தால் முதல் வரிசையில் நிற்கப்போவது அவள்தானே என்ற உங்கள் பயத்தை அசட்டுத்தனம் என்று தள்ள மாட்டேன். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. இதை மறைத்துவிட்டு 'தியாகம்', 'தொண்டு' என்று முழங்கும் ஆலோசகர்களை எனக்கும் பிடிக்காது.

ஆனால் உங்கள் கடிதத்தில் மகளுக்கு ஒரு பத்தி, டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமியாருக்கு மூன்று பத்தி. உங்களை உறங்கவிடாதது மகள் வழியாக வீட்டுக்குள் வரக்கூடிய தொற்று. நியாயமான பயம்தான். கொரோனாவில் இருபது வயதுக்காரர்கள் இறந்தது அரிது. வயது ஏற ஏற ஆபத்தும் பல மடங்கு ஏறியது. இருமல் தலைகாட்டுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்றவும் செய்தது. மகள் துணிந்துவிட்டாள் என்பதோடு கணக்கு முடியாது. பாட்டியும் அதில் இருக்கிறார்.

ஊரடங்கிலும் மாமியாருக்கு டயாலிசிஸ் நிற்கவில்லை என்கிறீர்கள். அந்த இயந்திரத்தில் குழாயைப் பொருத்தியவரும் இரவில் வீட்டுக்குத்தான் போயிருப்பார். எப்படிப் போனார் என்பதைத்தான் இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது. கவச உடையை அணிவதைவிடக் கழற்றுவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். முதலில் கையுறை, முகக்கவசம் கடைசியில், அதுவும் முன்பக்கத்தைத் தொடாமல், பட்டையைப் பிடித்து. மூச்சு விடும்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் என்95 கவசம் மேல் விளிம்பில் கசிகிறது என்று பொருள். இதெல்லாம் தெரியாத காசாளர்களும் ஓட்டுநர்களும் அதே தொற்றுக்கு நடுவேதான் வேலை பார்த்தார்கள். வேறு படிப்பில் சேர்த்துவிட்டால் ஆபத்து அண்டாது என்பது வெறும் நினைப்பு. பரிசோதனைக்கூடப் படிப்பு பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால், சளி மாதிரிகள் அங்கேதான் போய்ச் சேர்கின்றன என்று சொல்லுங்கள்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை வேறு. வார்டுப் பயிற்சிக்கு முன் ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்றுக்குத் தடுப்பூசி போடுவார்களா? முகக்கவசம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதிப்பார்களா? பெருந்தொற்றின்போது மாணவிகளை எந்தப் பணிக்கு அனுப்பினார்கள், தனியே தங்க இடம் தந்தார்களா? வீட்டில் நோயாளி இருந்தால் வேறு வார்டு கேட்க முடியுமா? "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று மழுப்பினால் வேறு கல்லூரியைப் பாருங்கள். படிப்பைக் கைவிட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பாட்டியின் நோயைக் காட்டி மகளைக் கட்டிப்போடாதீர்கள். அவளே தயங்கினால் அது வேறு. அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். வியாழனுக்குள் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். கேள்விகளை மகளே கேட்கட்டும்.