கலைஞர்களின் மரணம்: கதையும் காரணமும்

பினாங்கில் நடந்த வாசகர் சந்திப்பில், எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் அடைந்த துயர முடிவுகள் குறித்து அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு நான் அளித்த விடைகளை இங்கே எழுத்தில் தருகிறேன்.

ஜெலுத்தோங் ஆசிரியை: பாரதியார் யானை மிதித்து இறந்தார் என்றே படித்தேன். அது சரிதானா?

சரியன்று. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியதும், அதன் கால்களுக்கிடையே விழுந்து கிடந்தவரை அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் உயிரைப் பொருட்படுத்தாமல் உள்ளே புகுந்து மீட்டதும் உண்மையே. ஆனால் பாரதி அந்தக் காயங்களிலிருந்து தேறி, தாம் பணியாற்றிய சுதேசமித்திரன் நாளிதழ் அலுவலகத்திற்குத் திரும்பினார். 1921இல் ஈரோடு கருங்கல்பாளையம் சென்று ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்னும் பொருளில் உரையாற்றவும் செய்தார். அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. செப்டம்பர் 11 நள்ளிரவைத் தாண்டியே உயிர் பிரிந்ததால், 12ஆம் நாளைத்தான் நினைவு நாளாகக் கொள்ள வேண்டும். அப்போது அவருக்கு 39 வயதுகூட நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு. யானைக் கதையைச் சொல்லி முடித்துவிட்டால், வறுமையும் சிறைவாசமும் நலிவித்த உடல் ஒரு சாதாரண நோயைத் தாங்க முடியாமல் போன கொடுமை மறைந்துவிடுகிறது. இதை நான் எங்கு பேசினாலும் வற்புறுத்திச் சொல்வதுண்டு.

பட்டர்வொர்த் அன்பர்: பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் மேடையிலேயே இறந்தாராமே?

மேடையில் அன்று, ஆனால் மிக அருகில். 1673 பிப்ரவரி 17 அன்று, நோயே இல்லாமல் தன்னை நோயாளி என்று நம்பும் ஒருவனாகத் தம்முடைய நாடகத்தில் அவர் நடித்துக்கொண்டிருந்தபோது, உண்மையான நோய் அவரைப் பற்றியது. ஆட்டத்தை இறுதிவரை நடித்து முடித்த பிறகே வீட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு, சில மணி நேரத்தில் காலமானார். நடிகர்களுக்குத் திருச்சபை நல்லடக்கம் மறுத்துவந்த காலம் அது. அவருடைய மனைவி மன்னர் பதினான்காம் லூயியிடம் முறையிட்ட பின்னரே இரவு நேரத்தில் அடக்கம் செய்ய இசைவு கிடைத்தது.

அதே அன்பர்: கழுகு போட்ட ஆமை தலையில் விழுந்து கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ் மாண்டது?

அது பிற்காலத்தார் சொன்ன கதை. அவர் சிசிலித் தீவின் ஜெலா நகரில் கி.மு. 456 அளவில் இறந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பாயான் லெப்பாஸ் மாணவர்: அக்கால எழுத்தாளர்கள் பலர் இளமையிலேயே இறந்தது ஏன்?

காசநோய் முதன்மையான காரணம். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1821இல் ரோமில் 25 வயதிலும், நாடக இலக்கணம் வகுத்த பரிதிமாற் கலைஞர் 1903இல் 33 வயதிலும் அந்நோய்க்கே பலியாயினர். அவர்கள் காலத்தில் மருந்தே இல்லை. புதுமைப்பித்தனின் மரணமோ என்னால் ஆற்றிக்கொள்ள முடியாதது. ‘ராஜமுக்தி’ திரைப்படத்திற்கு எழுதப் புனே சென்றவர், நோய் முற்றித் திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் 42 வயதில் மறைந்தார். காசநோயை எதிர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது; எளியவர் எட்டும் விலையில் அது வருமுன் அவர் போய்விட்டார்.

கோலாலம்பூர், செந்தூல் வாசகி: நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்த பிறகு அவருடைய மனைவி, பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாள் எப்படி வாழ்ந்தார்?

செங்கோட்டைக் கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று 27 வயதில் காலமானபோது அம்மையாருக்கு 25 வயது. அன்று உடுத்திய வெள்ளுடையை 1980இல் தாம் மறையும்வரை மாற்றவில்லை. ஆண்களோடு இணைந்து நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். அதனால்தான் 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் அவரே நந்தனாராக ஆண் வேடம் ஏற்றார். அவருடைய குரலில் உள்ள உருக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்த 47 ஆண்டுகள் எனக்கு நினைவுக்கு வரும்.

மீண்டும் ஜெலுத்தோங் ஆசிரியை: எங்கள் பிள்ளைகள் நடிக்கும் பாரதி நாடகத்தில் யானைக் காட்சியோடு திரை விழுகிறது. மாற்ற வேண்டுமா?

யானைக் காட்சியை நீக்க வேண்டாம், அம்மா. குவளைக்கண்ணன் பாய்ந்து வரும் இடத்தைப் பிள்ளைகள் விரும்பி நடிப்பார்கள். அதன்பின் ஈரோட்டு மேடையைச் சேருங்கள். மெலிந்த உடலோடு எழுந்து, மனிதனுக்கு மரணமில்லை என்று பாரதி பேசும்போது திரை விழட்டும்.