பட்டாளத்தில் கணக்குக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு 24 வயது. எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டுப் பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எம்ஐஎஸ் வேலை பார்க்கிறேன். எந்த மெஷின் ஓடியது, எது நின்றது என்று தினமும் ரிப்போர்ட் போட வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் 'தயார்நிலைத் தரவு ஆய்வாளர்' என்று தனி வேலையே இருப்பதாகப் படித்தேன். நம்ம நாட்டில் அப்படி உண்டுங்களா? அதை நினைத்துத்தான் பவர் பிஐ என்ற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னால், "மில்லுல கணக்கெழுதற புள்ளைக்குப் பட்டாளத்துல என்ன வேலை கண்ணு?" என்கிறார்.
– பல்லடம் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெயரில் இந்தியாவில் பணியிடம் கிடையாது. ஆனால் அந்த வேலை இருக்கிறது, பலர் கையில் பிரிந்து கிடக்கிறது. படைகளின் லாஜிஸ்டிக்ஸ், பொறியியல் அதிகாரிகள் அதைச் செய்கிறார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ஆய்வாளர்களும், பாதுகாப்புத் துறையைத் தணிக்கை செய்பவர்களும், விமானத்தை விற்றுப் பராமரித்தும் தரும் கம்பெனிகளும் ஆளுக்கொரு பகுதியைச் செய்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் வரும் சூலூர் விமானப்படைத் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேஜஸ் போர் விமானங்களின் ஸ்குவாட்ரனும் (விமானப் படைப்பிரிவு), 5-ஆம் பழுதுபார்ப்புக் கிடங்கும் அங்கே இருக்கின்றன. இப்படி ஒரு தளம் எங்கே இருந்தாலும், பறக்கத் தயாராக இருக்கும் விமானம் எத்தனை, மற்றவை ஏன் நிற்கின்றன என்ற கணக்கும் கூடவே இருக்கும்.

அமெரிக்க விளம்பரங்களை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு அந்நாட்டுக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். வேலை விசாவில் போனவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஆனால் அவர்களுடைய முறையைக் கற்றுக்கொள்ளத் தடையில்லை, அதன் விதிகள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. அந்த விதிகளைப் படிப்பது பவர் பிஐயைவிட முக்கியம் என்பதே இந்தப் பதிலில் நாங்கள் அழுத்திச் சொல்ல வருவது. வரைபடம் போடத் தெரிந்தவர்கள் ஏராளம். ஒரு சதவீதம் எதனால் ஆனது, அதன் அடியில் எது ஒளிந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

நாளைக் காலை கிளம்பச் சொன்னால் ஒரு படைப்பிரிவால் எதைச் செய்ய முடியும்? தயார்நிலை அறிக்கை கேட்பது இதைத்தான். அமெரிக்கத் தரைப்படை இதை நான்காகப் பிரிக்கிறது: ஆட்கள், கைவசமுள்ள தளவாடங்கள், அவற்றில் ஓடும் நிலையில் இருப்பவை, பயிற்சி. அவர்களுடைய 220-1 என்ற ஒழுங்குவிதி பல ஆண்டுகளாகக் கையாண்ட அளவுகோலில், ஆட்கள் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் நிலை, 80 முதல் 89 வரை இரண்டாவது, 70 முதல் 79 வரை மூன்றாவது, அதற்குக் கீழே நான்காவது. ஓடும் நிலைக்கு எல்லைகள் வேறு. விமானமல்லாத தளவாடங்களுக்கு 90, 70, 60. விமானங்களுக்கு 75, 60, 50. மொத்த நிலையைச் சராசரி போட்டுச் சொல்வதில்லை. நான்கில் எது மிகத் தாழ்வோ, அதுவே பிரிவின் நிலை. ஆட்கள் 94, கைவசத் தளவாடம் 91, ஓடும் வண்டிகள் 63, பயிற்சியில் குறையில்லை என்றால் முதல் மூன்றின் சராசரி 82.7 வந்து எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். விதிப்படி அது மூன்றாம் நிலை. வண்டி ஓடாவிட்டால் ஓட்டுநர்கள் 94 சதவீதம் இருந்து பயனில்லை. தளபதி தன் அனுபவத்தை வைத்து நிலையை ஏற்றியோ இறக்கியோ சொல்லலாம், ஆனால் காரணம் எழுத வேண்டும். கணக்கில் வந்த நிலை, தளபதி சொன்ன நிலை இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் வைக்கப் பழகுங்கள். இரண்டுக்கும் இடைவெளி தொடர்ந்து வந்தால், ஒன்று அளவுகோல் தவறு, இல்லையென்றால் யாரோ நல்ல பெயருக்காக ஏற்றுகிறார்கள்.

இந்த வேலையில் அதிகம் கெடுவது வகுக்கும் எண். கற்பனையாக ஒரு கணக்கு: ஒரு ஸ்குவாட்ரனிடம் 20 விமானங்கள், அதில் 4 பெரிய பழுதுக்குக் கிடங்கில், பறக்கக்கூடியவை 11. இருபதால் வகுத்தால் 55 சதவீதம், பதினாறால் வகுத்தால் 69. இரண்டுமே உண்மை. எது கேட்கப்பட்டது என்று அறிக்கையின் தலைப்பிலேயே எழுதாவிட்டால், சென்ற மாதம் ஒன்றையும் இந்த மாதம் இன்னொன்றையும் போட்டு 'முன்னேற்றம்' காட்டிவிடுவார்கள். காலை 8 மணிக்கு எடுத்த எண்ணிக்கையா, மாதம் முழுவதுக்குமான மணிநேரக் கணக்கா என்பதும் இதே வகைச் சிக்கல்தான். நிற்கும் விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதை கேனிபலைசேஷன் என்பார்கள். அதனால் சதவீதம் தாக்குப்பிடிக்கும், ஆனால் உதிரிபாகத் தட்டுப்பாடு கண்ணில் படாமல் போகும், மெக்கானிக்கின் உழைப்பும் இரட்டிப்பாகும். ஆகவே கழற்றி மாட்டியதைத் தனி எண்ணாகப் பதிய வேண்டும். தரவில் இருக்கும் காலியிடமும் பூஜ்யமும் ஒன்றல்ல. காலி என்றால் தகவல் வரவில்லை, பூஜ்யம் என்றால் கையில் ஒன்றுமில்லை. இரண்டையும் எக்செல் சேர்த்துக் கூட்டிவிடும் இடத்தில்தான் பெரிய பிழைகள் பிறக்கின்றன. ஒரே பாகம் இரண்டு பார்ட் நம்பரில் இருப்பதும், நாளும் மாதமும் இடம் மாறுவதும் உங்களுக்கு மில்லிலேயே பழக்கமாயிருக்கும்.

அடுத்து, நிற்கும் நேரத்தைப் பிரிக்கும் கணக்கு. சராசரியாக 50 மணிநேரம் ஓடி ஒரு முறை பழுதாகிறது, கை வைத்துச் சரிசெய்ய 5 மணிநேரம் என்றால், கிடைப்பு, அதாவது ஓடும் நிலையில் இருக்கும் நேரத்தின் பங்கு, 50-ஐ 55-ஆல் வகுத்து 90.9 சதவீதம். கம்பெனியின் விளம்பரப் புத்தகம் சொல்வது இந்த எண். பாகம் வந்துசேர 20 மணிநேரம் காத்திருந்தால் வகுக்கும் எண் 75 ஆகி, கிடைப்பு 66.7-க்கு இறங்கிவிடும். மெக்கானிக் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஸ்டோர் வைத்தது. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் 'பழுது நேரம்' என்று ஒரே நெடுவரிசை வைத்தால், தவறான ஆள்மேல் பழி விழும், தவறான இடத்தில் பணமும் போகும்.

ஸ்டோரில் எத்தனை வைப்பது? புதிய சரக்கு வந்துசேரும் காலத்துக்குள் ஒரு பாகம் சராசரியாக 2 தேவைப்படும் என்றும், தேவை பாய்சான் பரவலை (தற்செயலாக நேரும் நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கான நிகழ்தகவுக் கணக்கு) பின்பற்றும் என்றும் கொள்ளுங்கள். 2 மட்டும் வைத்தால் தட்டுப்பாடின்றிக் கடக்க 68 சதவீத வாய்ப்புதான். 4 வைத்தால் 94.7, 5 வைத்தால் 98.3. சராசரிக்குச் சமமாக வைத்தாலே போதும் என்று நினைப்பது ஸ்டோர்களில் நெடுநாளாக நடக்கும் தவறு. புள்ளியியல் படித்த உங்களுக்கு இது ஒரு மணிநேர வேலை. உங்கள் படிப்பின் அருமை இங்கேதான் இருக்கிறது.

இதையெல்லாம் பயில மில்லைவிட நல்ல இடம் கிடைக்காது. மேலாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு, பெயர்களை நீக்கி, ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷின்களின் ஆறு மாத நிறுத்தப் பதிவை எடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து நேரம் வேண்டும்: நின்றது, ஃபிட்டர் வந்தது, பாகம் கேட்டது, பாகம் வந்தது, மீண்டும் ஓடியது. பெரும்பாலும் முதலும் கடைசியும்தான் பதிவில் இருக்கும். நடுவில் உள்ள மூன்றையும் இன்றிலிருந்து எழுத வையுங்கள். மின்தடை, டாஃபிங் (நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றுவது), ஆள் இல்லாமை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் காரணக் குறியீடு கொடுங்கள். 'மற்றவை' என்ற குறியீடு பத்து சதவீதத்தைத் தாண்டினால் குறியீட்டுப் பட்டியலையே திருத்துங்கள். பிறகு எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் ஒரே மெஷினின் அடுத்தடுத்த நிலைகளை ஒப்பிடும் விண்டோ ஃபங்ஷன்களைக் கற்றுக்கொண்டு, மெஷின் வாரியாக ஓட்டம், கைவேலை நேரம், காத்திருப்பு நேரம் மூன்றையும் பிரியுங்கள். டாஷ்போர்டு கடைசியில் போதும். இரண்டு பக்க அறிக்கை ஒன்று எழுதுங்கள்: எந்த வரையறை, எந்தத் தரவு சந்தேகத்துக்குரியது, எந்த மூன்று பாகங்களைக் கூடுதலாக வைத்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும். நேர்காணலில் பேச இது ஒன்றே போதும்.

பயிற்சிக்கு ராணுவத் தரவு வேண்டுமென்றால், வெளியிடப்பட்ட தணிக்கை அறிக்கைகளைப் படியுங்கள். 2017-இல் வந்த, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை தரைப்படையின் வெடிபொருள் கையிருப்பை ஆராய்ந்தது. முழுவீச்சுப் போருக்கு 40 நாள் கையிருப்பு என்பது இலக்கு, 20 நாள் என்பது ஏற்கத்தக்க குறைந்தபட்சம். 2016 செப்டம்பரில் 55 சதவீத வகைகள் அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே இருந்தன, 40 சதவீத வகைகள் பத்து நாளைக்கும் குறைவு. இதில் எண்ணப்பட்டது வகைகள், குண்டுகளின் எண்ணிக்கையோ டன்னோ அல்ல. வகையை எண்ணினால் எது தெரியும், எது தெரியாது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022 நவம்பரில் 49 வகை விமானங்களை ஆராய்ந்தது. 2011 முதல் 2021 வரையிலான நிதியாண்டுகளில், பெரும்பாலான ஆண்டுகளில் இலக்கை எட்டியவை நான்கே வகை. 26 வகைகள் ஓர் ஆண்டிலும் எட்டவில்லை. இரண்டு அறிக்கைகளும் இலவசம்.

இனி வழிகள். உங்களுக்கு மிகப் பொருத்தமானதும், காலம் குறுகியதும் விமானப்படை அதிகாரிகளை எடுக்கும் ஆஃப்கேட் தேர்வு. ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது. விமானம் ஓட்டாத கிரவுண்ட் டியூட்டி பிரிவுக்கு வயது 20 முதல் 26. பெண்களும் லாஜிஸ்டிக்ஸ் கிளையில் சேரலாம், பட்டப்படிப்பில் 60 சதவீதம் வேண்டும். வயதைக் கணக்கிடுவது தேர்வு நாளில் அல்ல, பயிற்சி தொடங்கும் காலத்தை ஒட்டி. 24 வயதில் இரண்டு அல்லது மூன்று வாய்ப்புதான் மிஞ்சும், ஆகவே இதை முதலில் எழுதுங்கள். எழுத்துத் தேர்வில் 100 கேள்வி, 300 மதிப்பெண், தவறுக்கு ஒரு மதிப்பெண் கழியும். பிறகு ஐந்து நாள் தேர்வு வாரியம், நமக்குப் பக்கம் மைசூர். அந்த அறையில் புள்ளியியலைவிடக் குழுவோடு சேர்ந்து வேலை செய்யும் குணத்தைத்தான் பார்ப்பார்கள்.

சீருடை வேண்டாமென்றால் டிஆர்டிஓ. டெல்லியில் உள்ள ஐஎஸ்எஸ்ஏ என்ற ஆய்வகம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (முடிவெடுக்க உதவும் கணித ஆய்வு), போர் ஒத்திகை ஆகியவற்றுக்கானது. முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து 'பி' நிலை விஞ்ஞானிகளை எடுக்கிறார்கள். எந்தத் தாள், எந்தப் பட்டம் செல்லும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் வரிவரியாகப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம், விமானப்படையின் ஃபிளையிங் ஆபீசருக்கும் இவர்களுக்கும், ஏழாவது ஊதியக் குழுப்படி 56,100 ரூபாயில் தொடங்குகிறது. மத்திய அரசின் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு வழியாகப் பாதுகாப்புக் கணக்குத் துறையில் ஆடிட்டர் ஆகலாம், 29,200-இல் தொடக்கம். ஆரம்பத்தில் பில் சரிபார்ப்பே அதிகம் இருக்கும்.

தனியார் பக்கம் நகர்வதற்குக் காரணம் ஒப்பந்தங்களின் வடிவம். 36 ரஃபேல் விமானங்களுக்கான 2016 ஒப்பந்தத்தில் 75 சதவீத விமானங்கள் தயாராக இருக்கும் என்று விற்பனையாளரே ஐந்தாண்டுக்கு உறுதி தந்தார். இப்படிப்பட்ட பராமரிப்பு ஒப்பந்தங்களில் கிடைப்புச் சதவீதமே பணமாகிவிடுவதால், அதைக் கணக்கிடவும் வாதிடவும் இரு தரப்புக்கும் ஆள் வேண்டும். நம் பக்கத்தில் கோவையும் சேலமும் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் மையங்கள். கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையமும் இயங்குகிறது. விமானப் பாகம் செய்யும் பட்டறைகள் விமானத் துறைக்கான ஏஎஸ்9100 தரச்சான்றுக்காகக் குறித்த நாளில் அனுப்பியது, திரும்பி வந்தது இரண்டையும் அளந்தாக வேண்டும். மில்லிலிருந்து நேராகத் தாவ இதுவே எளிய படி. 'தரத் தரவு', 'சப்ளை பிளானிங்' என்ற பெயர்களில் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சூலூர்ப் பக்கம் உறவினர் இருந்தாலும், எத்தனை விமானம் நிற்கிறது என்று கேட்டு எண் சேர்க்காதீர்கள், போர்ட்ஃபோலியோவில் போடாதீர்கள். 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் விளையாட்டல்ல. தனித்தனியே சாதாரணமாகத் தெரியும் எண்களும் ஒன்றுசேர்ந்தால் ரகசியமாகிவிடும். 'ராணுவ ஆய்வாளர், வீட்டிலிருந்தே வேலை, நல்ல சம்பளம்' என்று லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாதவர் வந்து, உங்கள் ஊர்த் தளம் பற்றி மாதிரி அறிக்கை கேட்டால், பதில் போடாமல் போலீஸில் சொல்லுங்கள்.

காவல்துறைச் சரிபார்ப்பில் நம்மவர்களை இழுத்தடிப்பது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓரெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் அட்டையில் முன்பின்னாக மாறி என்று மூன்று விதமாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், எழுத்துக்கூட்டைத் தாளில் எழுதிச் சரிபார்த்துவிட்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள்.