நூற்றுக்கு அறுபது நீள்வட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் நீள்வட்ட மேசைப்பலகை வெட்ட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கணக்குப் போட்டு, குவியத்துக்கு (ஆணி குத்தவேண்டிய புள்ளி) 40 என்றாள். அதன்படி அட்டையில் இரண்டு ஆணி குத்தி, இடையே 100 செ.மீ. நூல் விட்டுக் கட்டி, பென்சிலால் இழுத்து வரைந்தேன். நீளம் 100 வந்தது. அகலமோ கிட்டத்தட்ட 92! சூத்திரம் தப்பா, நூல் தப்பா? அரை நெட்டச்சின் (நீளத்தில் பாதி) வர்க்கத்திலிருந்து அரைக் குற்றச்சின் (அகலத்தில் பாதி) வர்க்கத்தை ஏன் கழிக்கிறோம் என்பதும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஓரத்துக்கு எவ்வளவு பீடிங் (விளிம்பில் ஒட்டும் பட்டை) வாங்கவேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சூத்திரமும் சரி, நூலும் சரி, மகளும் சரி. ஆணிதான் இடம் மாறிவிட்டது.

நீளம் 100 வந்ததே நூலுக்குச் சாட்சி. நூல் எவ்வளவோ அதுவே நெட்டச்சு. அகலம் 92 என்றால் அரைக் குற்றச்சு 46. 50இன் வர்க்கம் 2500இல் 46இன் வர்க்கம் 2116 போக 384, அதன் வர்க்கமூலம் 20க்குச் சற்றுக் குறைவு. ஆக, உங்கள் ஆணிகள் மையத்திலிருந்து ஆளுக்கு 20 செ.மீ. தள்ளி நிற்கின்றன. மகள் சொன்ன 40 மையத்திலிருந்து குவியத்துக்கு. நீங்கள் அதை இரண்டு ஆணிக்கும் நடுவில் விட்டிருக்கிறீர்கள். 80 விடுங்கள். குவியங்களுக்கு இடைப்பட்ட தூரம் கேட்டால் பாதியை எழுதிவிட்டு வரும் மாணவர்கள் சறுக்குவதும் இதே இடத்தில்தான்.

கழித்தல் ஏன் என்பதற்கு நூலே பதில் சொல்லும். பென்சிலை நெட்டச்சின் நுனியில் வையுங்கள்: ஒரு ஆணிக்கு 10, மற்றதற்கு 90. குற்றச்சின் உச்சிக்கு நகர்த்துங்கள்: இரண்டு பக்கமும் சமம், 50, 50. இப்போது ஆணி, மையம், பென்சில் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். நூல்தான் கர்ணம், 50. நிற்கும் பக்கம் 30, கிடக்கும் பக்கம் 40. கர்ணம் தெரிந்து பக்கத்தைத் தேடுகிறோம், அதனால் கழிக்கிறோம். இது புரிந்தால் கணக்கே வேண்டாம்: குற்றச்சின் உச்சியிலிருந்து 50 செ.மீ. குச்சியைச் சாய்த்து, நெட்டச்சில் படும் இரண்டு இடங்களிலும் ஆணி அடித்துவிடலாம்.

நுனிகளை ஆணியில் கட்டினால் ஒரு பாதி வரைந்ததும் நூலை மறுபக்கம் மாற்றவேண்டும். ஒரே மூச்சில் சுற்ற நினைத்தால் நூலை வளையமாக முடியுங்கள். ஆனால் ஆணிக்கு ஆணி ஓடும் 80ஐயும் சேர்த்துச் சுற்றளவு 180 வேண்டும். இழுபடாத நூலாக எடுங்கள். 1 செ.மீ. இழுபட்டால் நீளம் 1 செ.மீ.தான் கூடும், அகலம் 1.6 செ.மீ.க்கு மேல் கூடிவிடும். பென்சில் சாய்ந்தாலும் கோடு அலையும்.

வெட்டும்முன் ஒரு சோதனை. ஆணி இருந்த இடத்தில் நெட்டச்சுக்குச் செங்குத்தாகக் கோடு போடுங்கள். வளைவைத் தொடும்வரை மேலே 18, கீழே 18 இருக்கவேண்டும். மகளின் பாடத்தில் செவ்வகலம் என்று வருவது இந்த 36தான்.

சுற்றளவுக்கு வட்டத்தைப் போல எளிய, துல்லியமான சூத்திரம் கிடையாது. நம் ராமானுஜன் 1914இல் வெளியிட்ட தோராயம் தாராளமாகப் போதும். அரை அச்சுகளின் கூட்டல் 80, அதன் மும்மடங்கு 240. பெரியதின் மும்மடங்கோடு சிறியது 180. சிறியதின் மும்மடங்கோடு பெரியது 140. இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் 158.75. இதை 240இல் கழித்து 3.1416ஆல் பெருக்கினால் 255.3 செ.மீ. சேதாரத்தோடு 260 வாங்குங்கள். இணைப்பை நீளப் பக்கத்தின் நடுவில் வையுங்கள். நுனியில் வளைவின் ஆரம் வெறும் 18 செ.மீ. (அதே 18தான்!), அங்கே இணைத்தால் பீடிங் எழும்பிக்கொள்ளும்.