கிராஃபிக்ஸ் கார்டா, பிராசஸரா: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி: என் கேமிங் கணினி 2018இல் வாங்கியது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, 500 வாட் பவர் சப்ளை. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். புதிய கேம்கள் திக்கித் திணறுகின்றன. கார்டை மட்டும் மாற்றினால் போதுமா, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா? இப்போதே வாங்கலாமா, அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கலாமா?

பதில்: ஒதுக்க வேண்டாம். உங்கள் மதர்போர்டில் இன்னும் உயிர் இருக்கிறது. ஆனால் எந்தப் பாகம் இழுத்துப் பிடிக்கிறது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

திணறுகிற கேமைத் திறந்து, ஆள்நடமாட்டம் மிகுந்த ஓர் இடத்தில் போய் நில்லுங்கள். எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது ஒரு நொடியில் எத்தனை ஃபிரேம் (படம்) ஓடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசொல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கி, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். 1080பி திரையில் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்துக்கும் மேல். 720பியில் சுமார் 9.2 லட்சம். சுமை பாதிக்கும் கீழே போனதும் எண் துள்ளி ஏறினால், முட்டுக்கட்டை கார்டுதான். அசையவே இல்லையென்றால் பிராசஸர். பாத்திரங்களின் நகர்வு, மோதல் கணக்கு, கார்டுக்குக் கட்டளை அனுப்புவது போன்ற பிராசஸரின் வேலைகள் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பெரிதாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

“பிராசஸர் 40 சதவீதம்தான் ஓடுகிறது, அது காரணமாக இருக்காது” என்று டாஸ்க் மேனேஜரைப் பார்த்துச் சொல்பவர்கள் பலர். உங்கள் 2600இல் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்). கேமின் முதன்மை வேலை ஒரே திரெட்டில் மூச்சுமுட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் அது எட்டு சதவீதம்தான். அந்த எண்ணை நம்பிப் பணத்தைத் தவறான பாகத்தில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

சராசரி எஃப்பிஎஸ்ஸும் ஏமாற்றும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி. நடுவில் ஒரே ஒரு ஃபிரேம் 80 மில்லிநொடி எடுத்தால் சராசரி அசையாது, உங்கள் கண் மட்டும் துள்ளும். சராசரி நன்றாக இருந்தும் திக்குகிறதென்றால், கார்டின் 6 ஜிபி நினைவகம் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். டெக்ஸ்சர் (பொருட்களின் பரப்பில் ஒட்டும் படங்கள்) தரத்தை ஒரு படி இறக்கியதும் திக்கல் நின்றால் அதுதான் காரணம். கேம் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான்.

செலவில்லாத ஒன்றையும் பார்த்துவிடுங்கள். சில மாதங்களுக்கு முன் ஒருவர் புதிய கார்டு வாங்கும் முடிவோடு கணினியை என்னிடம் கொண்டுவந்தார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். நான்கு ஸ்லாட்டில் இரண்டு ராம்களும் ஒட்டி ஒட்டி ஒரே சேனலில் (பிராசஸருக்குப் போகும் ஒரே பாதையில்) உட்கார்ந்திருந்தன. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் மாற்றினேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கியதும் 2133இல் நடந்துகொண்டிருந்த ராம் 3200இல் ஓடியது. ரைசனின் உள் இணைப்பும் ராமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால் இது சிறிய விஷயமல்ல. அவர் கார்டு வாங்காமலே திரும்பிப் போனார்.

இதெல்லாம் சரியாக இருந்தால், என் கணிப்பு: உங்களுக்கு முதலில் கார்டு, பிறகு பிராசஸர். ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016இல். அதில் ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வெளிச்சமும் நிழலும் வரைவது) வன்பொருள் கிடையாது. 2025இல் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்ற கேம்கள் அதைக் கட்டாயமாகக் கேட்கின்றன, அங்கே எந்த அமைப்பைக் குறைத்தும் பயனில்லை. நீங்கள் பெரும்பாலும் போட்டிச் சுடும் கேம்களைக் குறைந்த தரத்தில் ஆடுபவர் என்றால் மட்டும் வரிசையை மாற்றுவேன். 144 ஹெர்ட்ஸை எட்ட ஒரு ஃபிரேம் 6.9 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். அந்த ஓட்டத்தில் பல கேம்களில் 2600 திணறும்.

கார்டு தேர்வில் விளம்பரம் சொல்லாத ஒன்று: உங்கள் மதர்போர்டில் கார்டை இணைக்கும் பாதை பழைய தலைமுறை பிசிஐஇ 3.0. ஆர்டிஎக்ஸ் 4060 போல எட்டு லேன் (தரவுத் தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டுகள், நினைவகம் நிரம்பும்போது இதில் கூடுதலாகத் தடுமாறும். பதினாறு லேனும் 12 ஜிபி நினைவகமும் கொண்ட கார்டு உங்களுக்குப் பொருந்தும். பவர் சப்ளையும் பழையது. 1060 எடுத்தது 120 வாட், அப்படிப்பட்ட புதிய கார்டு அதைவிட அதிகம் கேட்கும். பவர் சப்ளையை மாற்றும்போது பழையதன் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களைப் புதியதில் செருகவே செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே மின்னழுத்த வரிசை வேறாக இருக்கலாம்; எஸ்எஸ்டி ஒரு நொடியில் போய்விடும்.

பிராசஸருக்கு ரைசன் 5 5600 போதும். கூடுதல் கேஷ் நினைவகம் கொண்ட எக்ஸ்3டி வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ராமும் மதர்போர்டும் அப்படியே இருக்கலாம். புதிய மதர்போர்டுகள் கேட்கும் டிடிஆர்5 ராமின் விலை 2025 இறுதியில் ஏறியதைப் பார்த்தால், இந்தப் பழைய பலகையில் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது கஞ்சத்தனம் ஆகாது. ஆனால் பயாஸைப் பழைய பிராசஸர் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள்; புதியதைப் பொருத்திய பிறகு திரை இருட்டாக இருந்தால் பெரும்பாலும் பழையதையே மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். கழற்றும் முன் அரை மணி நேரம் கேம் ஆடிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூலரை மேலே இழுக்காமல் இடவலமாகத் திருகி எடுங்கள். மேலே இழுத்தால், நடுவில் காய்ந்திருக்கும் வெப்பக் கடத்திப் பேஸ்ட்டோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடலாம். இந்த வகையில் வளைந்துபோகக்கூடிய ஊசிகள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன.

எப்போது? ஆட விரும்பும் கேம், தரத்தைக் குறைத்தும் உங்கள் பொறுமைக்குக் கீழே ஓடுகிற அன்று. அடுத்த தலைமுறை எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அறிவித்த வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தால் மட்டும் பொறுங்கள், முந்தையவற்றின் விலை இறங்க வாய்ப்புண்டு.

பழைய 1060ஐ உடனே விற்றுவிடாதீர்கள். 2600, 5600 இரண்டிலுமே உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. புதிய கார்டில் கோளாறு என்றால் திரையில் எதையாவது பார்க்க அது ஒன்றுதான் வழி; திருப்பித்தரும் கெடு முடியும்வரை அலமாரியில் இருக்கட்டும்.