விளக்கை அணைத்த பிறகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? காற்று மாசு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வை முடித்து நான்கு மாதம் ஆகிறது. டைட்டானியம் டை ஆக்சைடோடு இன்னொரு பொருளைச் சேர்த்து, அதைக் கொண்டு மெத்திலீன் நீலச் சாயத்தை வெளிச்சத்தில் சிதைப்பதுதான் என் ஆய்வு. ஒன்றரை மணி நேரத்தில் 96 சதவீத நிறம் போய்விடும்.

இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஆய்வாளர் பணிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. ஒளிவினையூக்கிகளால், அதாவது ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருட்களால், காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது தலைப்பு. கடைசித் தேதிக்கு எட்டு நாள் இருக்கிறது. நண்பர் ஒருவர், ‘அந்தத் துறை செத்துப் பத்து வருஷமாச்சு, பெயின்ட் விற்கிறவனுக்குத்தான் அது வேணும்’ என்கிறார். நானோ தண்ணீரில் வேலை செய்தவன், வாயுவைத் தொட்டதே இல்லை. விண்ணப்பிக்கலாமா? நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?

ம.

அன்புள்ள ம,

விண்ணப்பியுங்கள். அதைச் சொல்ல இந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனைமேல் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டிய கதை உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. இந்த வெள்ளைப் பொடிமேல் புற ஊதா ஒளி பட்டால் உள்ளே ஓர் எலக்ட்ரான் துள்ளி மேலே போகிறது, அது இருந்த இடம் காலியாகிறது. இந்த இரண்டும் சேர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தையும் ஆக்சிஜனையும் கொண்டு, பக்கத்தில் வரும் மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு முதலில் நைட்ரஜன் டை ஆக்சைடாகி, பிறகு நைட்ரிக் அமிலமாகி, நைட்ரேட்டாகப் பரப்பிலேயே படிந்துவிடும். மழை வந்து கழுவிவிடும். சுவரே காற்றைச் சுத்தம் செய்யும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 2003இல் ரோமில் திறந்த ஜூபிலி தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்களில் இந்த வகை சிமென்ட்தான் இருக்கிறது. அங்கே முதல் நோக்கம் சுவர் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பது. காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு பின்னால் பெரிதானது.

சிக்கல் வினையூக்கியில் இல்லை, காற்றில் இருக்கிறது. இந்தப் பொருட்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 22197-1 என்று ஒரு தரமுறை உண்டு. நேர்முகத்துக்குப் போகும்முன் அதை எழுத்தெண்ணிப் படியுங்கள். சோதிக்கும் பொருளைக் கொண்ட, 5 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளமுள்ள பலகை. அதற்கு மேலே 5 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு கண்ணாடி. அந்த இடுக்கு வழியாக நிமிடத்துக்கு 3 லிட்டர் காற்று, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நைட்ரிக் ஆக்சைடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று நொடிக்கு 20 செ.மீ. நகரும், அரை நொடியில் பலகையைக் கடந்துவிடும். வெறும் அரை நொடிதான். ஆனால் இடுக்கு அவ்வளவு சிறியது என்பதால் உள்ளே போகும் மூலக்கூறுகளில் பெரும்பங்கு பலகையை உரசிவிட்டுத்தான் வெளியே வரும். தெருவில் அப்படியா? சுவருக்கும் சுவருக்கும் நடுவே பல மீட்டர் காற்று. அதில் சுவரைத் தொடாமலேயே போய்விடும் மூலக்கூறுகள்தான் அதிகம். போதாக்குறைக்கு, சாலையோரக் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு பொதுவாகச் சோதனையில் விடுவதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சூரிய ஒளியிலும் இந்தப் பொடிக்குப் பயன்படும் புற ஊதாப் பகுதி ஐந்து சதவீதத்துக்குள்தான்.

அதனால்தான் பலகையில் பாதி குறைந்தது என்று காட்டிய பொருட்கள் வெளியே வந்ததும் சோர்ந்துபோயின. பிரஸ்ஸல்ஸில் அப்போது இரண்டாம் லியோபோல்ட் பெயரில் இருந்த சாலைச் சுரங்கப்பாதையின் ஒரு பகுதிக்கு இதைப் பூசி, புற ஊதா விளக்குகளும் போட்டு அளந்தார்கள். குறைவு 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2016இல் பிரிட்டன் அரசின் காற்றுத் தர நிபுணர் குழுவும், இப்படிப் பூசினால் தெருக்காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு குறையும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான் எழுதியது. உங்கள் நண்பர் எங்கோ இதைப் படித்திருக்கிறார்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது. மாசு குறைகிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, குறைந்தது என்னவாக மாறியது என்று கேட்க வேண்டும். நைட்ரிக் ஆக்சைடு பாதி வழியில் நின்று நைட்ரஜன் டை ஆக்சைடாகவே வெளியேறினால், குறைந்த நஞ்சைக் கொடுத்துக் கூடிய நஞ்சை வாங்கியிருக்கிறோம். ஒளி படும் டைட்டானியம் டை ஆக்சைடு பரப்பில் நைட்ரஜன் டை ஆக்சைடிலிருந்து நைட்ரஸ் அமிலம் உருவாகலாம் என்பதும் ஆய்வகங்களில் தெரிந்துவிட்டது. அது வெயிலில் உடைந்து, எதோடும் சட்டென்று வினைபுரியும் ஹைட்ராக்சிலைத் தரும், அதிலிருந்து ஓசோன் என்ற இன்னொரு மாசு வரைக்கும் போகும். வேடிக்கை என்னவென்றால், இந்த வாயுக்களை அளக்கப் பல ஆய்வகங்களில் இருக்கும் வேதி ஒளிர்வுக் கருவிக்கு நைட்ரஸ் அமிலத்தைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சூடான மாலிப்டினம் வழியாக அனுப்பி எல்லாவற்றையும் நைட்ரிக் ஆக்சைடாக்கித்தான் அது எண்ணும். நைட்ரஸ் அமிலத்தையும் சேர்த்து ‘நைட்ரஜன் டை ஆக்சைடு’ என்று திரையில் காட்டிவிடும். கருவியை நம்பினால் கணக்கு தப்பும்.

என் கதை ஒன்று. வாயு வேலைக்குப் புதிதாக வந்த நாட்களில், பெயின்ட் கரைப்பானில் இருக்கும் டொலுயீனின் ஆவியைச் சிதைக்க எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட்டதில் பாதிதான் வெளியே வந்தது. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டொலுயீனையும் மூடிவிட்டு, சுத்தமான காற்றை மட்டும் ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் திரையில் ராத்திரி முழுக்க டொலுயீன் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மெல்ல இறங்கும் ஒரு கோடு, மலைச்சரிவு மாதிரி. எங்கிருந்து? வினை நடக்கும் கலத்தையும் கருவியையும் இணைத்த சிலிக்கோன் ரப்பர் குழாய். ஒரு முழம்கூட இருக்காது. பகல் முழுக்க டொலுயீனைக் குடித்துவிட்டு ராத்திரி திருப்பிக் கொடுத்திருக்கிறது. என் வினையூக்கி ஏறக்குறைய சும்மா இருந்திருக்கிறது. மறுநாள் டெஃப்லான் குழாய் போட்டேன், ‘பாதி’ என்றது 7 சதவீதம் ஆனது. கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு ராத்திரியில் வந்தது.

நேர்முகத்தில் கேட்கப்போவதும் இந்த வகைதான். பொருளை எப்படித் தயாரித்தீர்கள் என்று ஐந்து நிமிடம் கேட்பார்கள். பிறகு இருட்டில் எவ்வளவு குறைந்தது, வினையூக்கி இல்லாமல் ஒளி மட்டும் பட்டால் என்ன ஆனது, விளக்கின் சூட்டைத் தனியாகப் பார்த்தீர்களா, உள்ளே போன நைட்ரஜன் அத்தனைக்கும் வெளியே கணக்கு இருக்கிறதா என்று வருவார்கள். கடைசியில் பலகையைக் கழுவி அந்த நீரில் நைட்ரேட்டை அளந்தால்தான் கணக்கு முடியும். தண்ணீரில் வேலை செய்தவர் என்பதால் அயனிப் பகுப்பாய்வு உங்களுக்குக் கைவந்ததாக இருக்கும். அதை விண்ணப்பத்தில் மேலேயே எழுதுங்கள்.

உங்கள் மெத்திலீன் நீலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணுறு ஒளியில் செய்தீர்களா, புற ஊதாவிலா என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணுறு ஒளி என்றால் கவனம். சாயமே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைப் பொடிக்குத் தள்ளிவிட்டுத் தானும் வெளுக்கும். நிறம் போவதும் சாயம் சிதைவதும் ஒன்றல்ல. குழுவில் ஒருவராவது இதைப் பிடிப்பார். அவர் பிடிக்கும்முன் நீங்களே சொல்லிவிட்டால் உங்கள் மதிப்பு ஏறும்.

செத்த துறை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். செத்தது சுவருக்கு அடித்துவிட்டால் ஊர்க்காற்று சுத்தமாகும் என்ற விளம்பரம். காற்றை நாமே தள்ளும் இடங்களில், அதாவது கட்டடங்களின் காற்றோட்டக் குழாய்களில், இடைவெளியும் வேகமும் ஒளியும் நம் கையில் இருக்கின்றன. அங்கே இன்னும் செய்ய நிறைய இருக்கிறது. கார்பன் நைட்ரைடு போன்ற பொருட்கள் 460 நானோமீட்டர் வரை, அதாவது நீல ஒளி வரை, எடுத்துக்கொள்கின்றன. நைட்ரஜன் டை ஆக்சைடில் நிற்காமல் நைட்ரேட் வரை கொண்டுபோகும் பரப்பு எது என்ற கேள்விக்கும் முழு விடை வரவில்லை.

அதனால் நீங்களும் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நைட்ரஸ் அமிலத்தைத் தனியாக அளக்க என்ன வைத்திருக்கிறார்கள்? இரண்டு வருடத்தில் எத்தனை மாதம் கருவி அமைப்புக்குப் போகும்? முதல் கேள்விக்கு முகம் மலர்ந்தால் நல்ல இடம். இரண்டாவதற்கு ‘எல்லாம் தயார்’ என்றால் ஆறு மாதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எட்டு நாள் இருக்கிறது என்கிறீர்கள். முதல் இரண்டு நாளை விண்ணப்பத்துக்குக் கொடுக்க வேண்டாம். பழைய ஆய்வகத்தில் இன்னும் உள்ளே விடுவார்கள் என்றால் போய், அதே பொடி, அதே விளக்கு, சாயத்துக்குப் பதில் நிறமில்லாத ஃபீனால் எடுத்து ஒரு முறை ஓட்டுங்கள். பொடியில் ஒட்டுவது ஒட்டி முடியட்டும், விளக்கை ஏற்றும்முன் அரை மணி நேரம் இருட்டில் கலக்க மறக்காதீர்கள். 96 என்பது 20 ஆனாலும் சரி, அந்த 20ஐயே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.