தகரக் கொட்டகையில் நாட்டுக்கோழி: கீரிதான் முதல் கவலை

பழைய விறகுக் கொட்டகையைக் கோழிக் கொட்டகையாக்க என்ன செய்வது என்று கேட்டு, பத்துக்கு எட்டடி, தகரக் கூரை, மண் தரை, பதினைந்து நாட்டுக்கோழி என்று எழுதியிருக்கிறீர்கள். இடம் தாராளம், கோழிக்கு 2 சதுர அடி கணக்கில் 30 சதுர அடியே போதும்.

சுவரை மாற்ற வேண்டாம். பாதிச் சுவருக்கு மேல் பலகையைக் கழற்றிவிட்டு வலை அடியுங்கள். கடையில் மலிவாகத் தரும் அறுகோணக் கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். நாய் கிழித்துவிடும், கீரிக்குட்டியும் பாம்பும் கண்ணி வழியே நுழையும். அரை அங்குலக் கண்ணி உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள், செலவுதான், ஆனால் ஒரே தடவை. மண் தரை என்பதால் கீரி தோண்டும். சுற்றிலும் ஓரடி ஆழத்துக்கு வலையைப் புதையுங்கள். முடிந்தால் தரைக்குச் சிமென்ட் போட்டுவிடுங்கள்.

தகரச் சூட்டுக்குத் தென்னங்கீற்று வேய்ந்தால் போதும். தரையில் மூன்று அங்குலம் உமியோ கடலைத்தோலோ பரப்பி, அடிக்கடி கிளறுங்கள். கண் எரியும் அளவுக்கு அம்மோனியா வாடை வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். நனைந்த உமியை அள்ளிவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் ஏற்றுங்கள்.

அப்புறம், கோழி வரும் முன்பே கால்நடை மருந்தகத்தில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்னும் கோழித் தொற்றுநோய்) தடுப்பூசி பற்றிக் கேட்டுவிடுங்கள்.